டோஸ் சிஸ்டர்

முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றுகொண்டு ஆரோக்கியமேரி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறார். மூன்று மங்கள வார்த்தை ஜெபம் முழுதாக முடிகிறவரை கையைத் தேய்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. இருபது நொடி போதும் என்று குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கும் தாள் சொல்கிறது. தாளை நம்புகிற ஆள் இல்லை அவர். நடுவில் யாராவது "சிஸ்டர்" என்று கூப்பிட்டுவிட்டால் ஜெபம் முதலிலிருந்து ஆரம்பமாகும், கை கழுவலும் முதலிலிருந்து ஆரம்பமாகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் விரலில் ரத்தம் சொட்டினாலும் வாசலிலேயே நின்று, அவர் குழாயை மூடுகிறவரை வாயைத் திறப்பதில்லை.

கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி போடுகிற ஒரு தொழிற்சாலையில், லாரி எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது அவருடைய முதலுதவி அறை. ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு ஆக்சிஜன் சிலிண்டர், சுவரில் குழந்தை இயேசு. டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற நாட்களில் டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர், புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பஞ்சாயத்து எல்லாம் ஆரோக்கியமேரிதான். வயது நாற்பத்தெட்டு. கோட்டுப் பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும். மூன்றில் ஒன்று எழுதும்.

அவரிடம் மருந்துக்கு முன்னால் திட்டு கிடைக்கும். "கண்ணாடி இன்னாத்துக்குக் குட்த்தாங்க நைனா? நெத்தி மேல மாட்டிக்கினு ஷோ காட்டவா? பொறி கண்ணுல பூந்த பெறவு சிஸ்டர் சிஸ்டர்னு ஓடியாந்தா நான் இன்னா மந்திரவாதியா?" என்பார். "நாஷ்டா துன்னாம உலைக்கு முன்னாடி நின்னா மயக்கம் வராம மாலை மரியாதையா வரும்?" என்பார். பேசிக்கொண்டே கட்டுப் போட்டு முடித்துவிடுவார். அவர் போட்ட கட்டு வலிக்காது, பேசிய பேச்சு ரெண்டு நாள் வலிக்கும். "சிஸ்டர் செம டோஸ் உட்டாங்கப்பா" என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார்கள். டோஸ் சிஸ்டர் என்ற பெயர் அப்படி வந்தது. அவர் காதுபட யாரும் அதைச் சொன்னதில்லை. அந்தப் பயத்தில் சின்னக் காயங்களை யாரும் அவரிடம் காட்டுவதில்லை என்பதும் அவருக்குத் தெரியாது.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டுவருவார். விளிம்புக்குக் கீழே 'ஆ.மே.' என்று பெயர் வெட்டியிருக்கும். கேன்டீன் டீயைக்கூட அதில்தான் வாங்குவார். ஆயுத பூஜைக்கு மேனேஜரே கையில் எடுத்துக் கொடுத்த ஜூஸை, அவர் முகத்துக்கு நேராகவே தன் டம்ளரில் ஊற்றிக் குடித்தவர். "என் டம்ளரு யாருக்கும் வேணாம், யாரு டம்ளரும் எனக்கு வேணாம்" என்பார். நர்ஸ் புத்தி என்று மற்றவர்கள் சிரிக்கிறார்கள். கேட்டால் அவரும் கிருமி என்றுதான் சொல்வார். உண்மை வேறு. ஆரணிப் பக்கம் கழனி வேலைக்குப் போன அவருடைய அப்பா ஆசீர்வாதத்துக்கு, டீக்கடையில் ஒரு கிளாஸ் தனியாக ஆணியில் தொங்கும். குடித்துவிட்டு அவரே கழுவி அவரே மாட்ட வேண்டும். ஏழு வயதில் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்த பெண், பெரியவளான பிறகு யாருடைய கிளாஸுக்காகவும் காத்து நிற்கவில்லை. இதை அவர் தன் மகள் ஷைனியிடம்கூடச் சொன்னதில்லை.

போன வருஷம் தொழிற்சாலை வாசலில் இரண்டு மஞ்சள் தூண்களை நட்டார்கள். பழைய இரும்போடு கதிர்வீச்சுள்ள பொருள் ஏதாவது லாரியில் வந்தால் அலறுகிற இயந்திரம் அது. அப்படி ஒன்று தெரியாமல் உலைக்குள் போய்விட்டால் உருகி எல்லாக் கம்பியிலும் கலந்துவிடுமாம். தூணை நட்ட கையோடு ஆரோக்கியமேரியை ஒரு நாள் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது ஒரு நீல டிரம் நிறையச் சாமான், கதிர்வீச்சை அளக்கும் ஒரு கை மீட்டர், முப்பத்திரண்டு பக்கக் கையேடு, ஒரு கட்டுப் படிவம், ஒரு சான்றிதழ், கூடவே தீராத ஒரு குழப்பத்தையும் கொண்டுவந்தார்.

"காச்சல்னா தொட்டா தெரியும். கரன்ட்டுன்னா ஷாக் அடிக்கும். கேஸுன்னா நாறும். இது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, வலியும் கெடையாது. இல்லாத மாதிரியே இருக்குது, ஆனா இருக்குதாம். சாமிக்கு அப்பால இந்த ஒண்ணத்தான் இப்டி நம்பச் சொல்றாங்க" என்பார்.

பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி கவரைப்பேட்டையில் இறங்குவதற்குள் கையேட்டில் அரைப் பக்கம் படிப்பார். கால் பக்கம் புரியும். புரிந்தவரைக்கும் இதுதான். கதிர் நம் மேல் பட்டுவிட்டுப் போவது வேறு. கதிர் விடுகிற தூசி உடம்பில் ஒட்டிக்கொண்டு கூடவே வருவது வேறு. முதலாவதற்கு விலகி நிற்க வேண்டும். இரண்டாவதற்குத் துணியைக் கழற்ற வேண்டும், கழுவ வேண்டும், கை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே போய்விட்டால் கழுவ முடியாது.

பீரோவில் நாலு அட்டை அயோடின் மாத்திரை இருக்கிறது. அதன் மேல் எல்லோருக்கும் ஒரு கண். "முன்னாடியே ஒண்ணு போட்டுக்கினா சேஃப்டிதானே சிஸ்டர்" என்று கேட்காத ஆள் கிடையாது. கதிர்வீச்சுள்ள அயோடின் கழுத்துச் சுரப்பியில் போய்த் தங்காமல் தடுப்பது ஒன்றுதான் அந்த மாத்திரையின் வேலை. பழைய இரும்பில் வரக்கூடியது வேறு வகை. அதற்கு இது உதவாது என்று கையேடு தெளிவாகச் சொல்கிறது. பிறகு எதற்கு வாங்கி வைத்தார்கள் என்று டாக்டரைக் கேட்டார் ஆரோக்கியமேரி. "ஆடிட்ல கேட்டாங்கம்மா" என்றார் டாக்டர். அன்றைக்குக் குழப்பம் இன்னும் ஒரு சுற்றுக் கூடியது.

பயிற்சிக்குப் பிறகு அவர் வாயில் ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. டோஸ். உடம்பு வாங்கிக்கொண்ட கதிர்வீச்சின் அளவு. படிவத்தின் மூன்றாவது கேள்வியே அதுதான். மாமியார் டோஸ் விட்டாள், மேஸ்திரியிடம் டோஸ் வாங்கினேன் என்று ஊரே பேசுகிற சொல் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவரும் அப்படிப் பேசி வளர்ந்தவர்தான். ஆனால் ஒரு சொல்லுக்குப் புதிதாக ஒரு பொருள் படித்து, அதற்குச் சான்றிதழும் வாங்கிவிட்டால் பழைய பொருள் பின்னால் போய் நின்றுகொள்கிறது.

அது ஒரு வியாழக்கிழமை, டாக்டர் வராத நாள். காலை பத்தரைக்குத் தூண் அலறியது. வாசலில் லாரி இல்லை. செக்யூரிட்டி எட்வர்ட் மேலும் கீழும் பார்த்துவிட்டு சுவிட்சை அணைத்தார். "வெயிலு ஏறிடுச்சில்ல, மிஷினுக்குப் பித்தம்" என்றார். மறுபடி போட்டபோது சத்தமில்லை. பதினொன்றே முக்காலுக்கு மறுபடியும் அலறியது. அப்போதும் லாரி இல்லை. பாதுகாப்பு அதிகாரி தணிகைவேல் ஓடிவந்து, முதலுதவி அறையிலிருந்து கை மீட்டரைப் பிடுங்கிக்கொண்டு போய் வாசலையே சுற்றிச் சுற்றி வந்தார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு முறையும் தூண் ஓரமாக, பித்தளை பொறுக்கிப் போட்ட தள்ளுவண்டி எடை மேடைக்குப் போயிருக்கிறது.

வண்டிக்குள் வட்ட வட்டமாக ஒன்பது பழைய மீட்டர் முகப்புகள் கிடந்தன. எந்தக் கப்பலிலிருந்தோ விமானத்திலிருந்தோ கழற்றியவை. இருட்டில் எண் தெரிவதற்காக அந்தக் காலத்தில் அவற்றில் ரேடியம் கலந்த சாயம் பூசுவார்களாம். கனத்த இரும்புக்கு அடியில் புதைந்து வந்ததால் லாரி உள்ளே நுழைந்தபோது தூணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

"ரேடியமா?" என்று எட்வர்ட் வாயைப் பிளந்தார். "என் வண்டி பின்னாடி பூரா ரேடியம் ஸ்டிக்கருதானே சிஸ்டர் ஒட்டி வெச்சிகீறேன்! அது இன்னா ஆவும்?"

"அது வேற ரேடியம்" என்றார் ஆரோக்கியமேரி. எப்படி வேறு என்று கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார். நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் நாலு பேர் தங்கள் பைக்கின் பின்பக்கத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

தள்ளுவண்டியைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். தணிகைவேல் மீட்டரும் கையுமாக அங்கேயே நின்றார். போன் மேல் போன் வந்தது. சென்னையிலிருந்து நிபுணர் குழு புறப்படுகிறது, வந்துசேர மூன்று மணி நேரமாகும் என்றது ஒரு போன். எல்லோரையும் உடனே கழுவச் சொல் என்றது ஒன்று. குழு வரும்வரை யாரையும் கழுவ விடாதே என்றது இன்னொன்று. தலைமை அலுவலகத்திலிருந்து பேசியவர், எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். டாக்டரின் போன் அணைந்திருந்தது.

முகப்புகளைத் தொட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டியது ஆரோக்கியமேரியின் வேலை. இரும்பிலிருந்து பித்தளையைப் பிரிக்கிற கொட்டகையில் நாலு பெண்கள். நாலு பேரும் புடவைக்கு மேல் ஆண் சட்டை போட்டவர்கள். வாசலில் வரிசையாக வந்து நின்றார்கள். மீட்டர் தணிகைவேலிடம் மாட்டிக்கொண்டதால் படிவம் ஒன்றுதான் கையில் இருந்தது. பெயர், வயது எழுதிவிட்டு மூன்றாவது கேள்விக்கு வந்தார்.

"டோஸ் ஏதாச்சும் வாங்குனியா?"

"ரெண்டு டோஸும் போட்டுக்கினேன் சிஸ்டர்" என்றார் கங்கம்மா. "மூணாவதுக்குக் கூப்ட்டாங்க, கை வலிக்கும்னு போவல."

"கொரோனா ஊசிய யாரு கேட்டா? நவுரு" என்று அவரை அனுப்பினார் ஆரோக்கியமேரி. அடுத்த இரண்டு பேரும் வாங்கவில்லை என்றார்கள். கடைசியாக எல்லம்மா. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வேலைக்கு வருகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"இல்ல சிஸ்டர். நான் ஒண்ணும் வாங்கல."

ஆரோக்கியமேரி ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாலு கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதினார். அழகான கையெழுத்து. மத்தியான மணி அடித்தது. "கையை நல்லாக் கழுவிக்கினு துன்னுங்கடி" என்றார். தினமும் சொல்வதுதான். தினமும் போல யாரும் காதில் வாங்கவில்லை.

அவர்கள் போன பின்னால் எட்வர்ட் வந்து கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "செம டோஸ் வாங்கிட்டேன் சிஸ்டர்" என்றார்.

ஆரோக்கியமேரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எவ்ளோ? வண்டி கிட்டக்க எத்தினி நிமிசம் நின்னே? தலை சுத்துதா? வாந்தி வருதா?"

"அஞ்சு நிமிசம் சிஸ்டர். தணிகைவேல் சாரு எல்லாரு முன்னாடியும் வெச்சி உட்டாரு. மிஷின ஆஃப் பண்ணது தப்புதான். அதுக்குன்னு உனுக்கு அறிவு கீதான்னு கேட்டா..."

ஆரோக்கியமேரிக்கு முதலில் கோபம் வந்தது. அடுத்த நொடி கண் படிவத்துக்குப் போனது. எட்வர்டுக்கு டோஸ் என்றால் திட்டு. அந்த நாலு பெண்களுக்கும் அதுதான். திட்டு வாங்கினாயா என்று கேட்டு, இல்லை என்று அவர்கள் சொன்னதைக் கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறார். எல்லம்மா கையை மறைத்தது இப்போதுதான் கண்ணுக்குள் வந்தது.

முட்டி வலிக்கு ஒரு வருஷமாகத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிற பெண்மணி அன்றைக்குக் கேன்டீன் வரை ஓடினார்.

எல்லம்மா டிபன் பாக்ஸைத் திறந்து, கருவாட்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்து, முதல் கவளத்தை எடுத்திருந்தார்.

"எல்லம்மா! கைய எறக்கு!"

கேன்டீனே திரும்பியது. கவளம் தட்டில் விழுந்தது. எல்லம்மா எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். "நான் ஒண்ணும் பண்ணல சிஸ்டர். சத்தியமா ஒண்ணும் பண்ணல" என்றார். அவருடைய விரல் நகங்களுக்கு அடியில் வெளிர்பச்சையாக ஏதோ தூள்.

அடுத்து வர வேண்டியது திட்டு. சிஸ்டருக்கு நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. ஆரோக்கியமேரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இன்றைக்குத் திட்டினால் இந்தப் பெண் வாயைத் திறக்கமாட்டாள், திறக்காவிட்டால் எதுவும் தெரியாது என்பது மட்டும் அந்தக் குழப்பத்துக்கு நடுவில் தெளிவாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, அங்கே யாரும் கேட்டிராத ஒரு குரலில் பேசினார்.

"நான் திட்டமாட்டேன் எல்லம்மா. மேஸ்திரியும் திட்டமாட்டாரு. நீ தப்பு பண்ணல. நான்தான் தப்பா கேட்டுட்டேன். அந்த வட்டத் தட்டை இன்னா பண்ணே? சொல்லும்மா."

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சாயத்துக்கு அடியில் பித்தளையா தகரமா என்று பிளேடால் சுரண்டிப் பார்ப்பது அந்த வேலையின் வழக்கம். சுரண்டினால்தான் தெரியும். "பச்சையா தூளு கொட்டிச்சி சிஸ்டர். எடத்த அசிங்கம் பண்ணா மேஸ்திரி டோஸ் உடுவாரு. அதான் வாயால ஊதி உட்டுட்டு, கையச் சட்டையில தொடச்சிக்கினேன்."

"அதுக்கப்பறம் எதுனா துன்னியா? குடிச்சியா?"

"காலைல டீ குடிச்சதோட சரி. தண்ணிகூடக் குடிக்கல. வேலை பேஜாரா இருந்திச்சி."

"நல்லது" என்றார் ஆரோக்கியமேரி. வாழ்நாளில் முதல் முறையாக ஒருத்தி தண்ணீர் குடிக்காமல் வேலை பார்த்ததைப் பாராட்டினார். மேஸ்திரி சபரிநாதன் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு இரண்டு பெஞ்சு தள்ளிப் போனார். அவர் போனதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

கழுவு என்று ஒரு போனும் கழுவாதே என்று ஒரு போனும் சொல்லியிருந்தன. எதைக் கேட்பது? ரயிலில் படித்துப் புரிந்த அந்தக் கால் பக்கத்தைக் கேட்பது என்று முடிவு செய்தார் ஆரோக்கியமேரி. எல்லம்மாவின் இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் பையை மாட்டி, பெண்கள் குளியலறைக்கு அழைத்துப் போனார். நீல டிரம்மும் கேன்டீன் வெந்நீரும் பின்னால் வந்தன. இரண்டு ஜோடி கையுறை, முகக்கவசம், ஏப்ரன் எல்லாம் போட்டுக்கொண்டார். பயந்தார். கையேட்டை இன்னும் நாலு பக்கம் படித்திருக்கலாமே என்று நினைத்தார். ஷைனியை நினைத்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"சிஸ்டர், வெக்கமா கீது."

"வெக்கத்த அப்பால பட்டுக்கலாம். சட்டைய ஒதறாத. மெதுவா சுருட்டிக்கினே வா."

சட்டை, புடவை, பாவாடை ஒவ்வொன்றும் பைக்குள் போனது. பை வாயைக் கட்டி, பெயர் எழுதி மூலையில் வைத்தார். பஞ்சுக் குச்சியால் மூக்கின் இரண்டு துவாரங்களையும் தனித்தனியாகத் துடைத்து, வலது இடது என்று எழுதிய உறைகளில் போட்டார். நகத்தை வெட்டி அதையும் ஓர் உறையில் போட்டார். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணிலும் வாயிலும் தண்ணீர் இறங்காமல் முடியை அலசினார். எல்லம்மா சோப்பை வாங்கிக் கையை முரட்டுத்தனமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

"தேய்க்காதே! தடவு."

"நல்லாத் தேச்சாத்தானே சிஸ்டர் போவும்?"

"தோலு பேந்தா உள்ள பூடும். கொழந்தைக்கு ஊத்துற மாதிரி ஊத்து."

தணிகைவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவிடுக்கில் மீட்டரை நீட்டினார். முதல் தடவை கழுவிய பிறகும் கையருகே அது படபடவென்று அடித்தது. இரண்டாவது தடவைக்குப் பிறகு அடங்கியது. தலையில் அடங்கியது. முகத்தில் அடங்கியது. கழுத்துக்குக் கொண்டுபோனால் மட்டும் மறுபடி படபட. மூன்றாவது தடவை கழுவினார்கள். அப்போதும் படபட. ஆரோக்கியமேரி குனிந்து பார்த்தார். மஞ்சள் கயிறு. நூல் திரிக்குள்ளே தூசி போய் உட்கார்ந்துவிட்டிருந்தது.

எல்லம்மா கயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். "கவுத்தக் கயட்டச் சொல்லாத சிஸ்டர். அவுரு ஏரிக்குப் போய்க்கீறாரு. தண்ணி மேல கீறாரு" என்று அழுதார். அதுவரை அழாதவர்.

அந்தக் கயிற்றைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி இல்லை. ஆரோக்கியமேரியின் கழுத்தில் கிடப்பது சிலுவை கோத்த சங்கிலி. ஆனால் எத்தனையோ பெண்களுக்குக் கட்டுப் போட்டவர். புதுக் கயிறு ஏறிய பிறகுதான் பழைய கயிறு இறங்கும் என்பது தெரியும். "வெறும் கழுத்தா நிக்கச் சொல்லல. மாத்திக்கோன்னுதான் சொல்றேன்" என்றார். கட்டுப்போடும் துணிச் சுருளிலிருந்து நூல் நூலாக உருவி, முறுக்கித் திரித்தார். கேன்டீனிலிருந்து மஞ்சள்தூள் வந்தது. குழைத்துத் தடவினார். எல்லம்மா கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டு, ஈரக் கையால் தானே அதைக் கட்டிக்கொண்டார். அதன் பிறகே பழைய கயிறு அவிழ்ந்து உறைக்குள் போனது. தாலியை சோப்புப் போட்டுக் கழுவி, மீட்டரில் காட்டி, புதுக் கயிற்றில் கோத்தார்கள். மீட்டரின் படபடப்பு நின்றது.

ஆனால் டிக், டிக் என்று விட்டு விட்டு ஏதோ அடித்துக்கொண்டேதான் இருந்தது. "இன்னும் கீதே சிஸ்டர்" என்றார் எல்லம்மா. ஆரோக்கியமேரிக்கும் புரியவில்லை. மீட்டரைச் சுவரில் வைத்தார். டிக். தன் நெஞ்சில் வைத்தார். டிக், டிக். கதவிடுக்கில் கையை நீட்டித் தணிகைவேல் மேல் வைத்தார். அதே டிக், டிக். அப்போதுதான் கையேட்டின் பதினோராவது பக்கம் ஞாபகம் வந்தது.

"இது எல்லாரு மேலயும் கொஞ்சம் இருக்குமாம். மண்ணுல, காத்துல, செவுத்துல."

"மேனேஜரு மேலயும்?"

"அவுரு மேலயும்."

எல்லம்மா அழுத கண்ணோடு சிரித்தார். உள்ளே ஏதாவது போயிருக்கிறதா என்பது குழு வந்து, சிறுநீர் பரிசோதனை செய்து, சில நாள் கழித்துத்தான் தெரியும். உடம்பின் மேல் ஒன்றுமில்லை என்பது மட்டும் இப்போது தெரியும். மற்ற மூன்று பெண்கள் மேலும் மீட்டரைக் காட்டிப் பார்த்தார். டிக், டிக் தவிர வேறெதுவும் இல்லை.

டிரம்மிலிருந்த நைட்டி இரண்டு எல்லம்மாக்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஈரத் தலையோடு அவர் வெளியே வந்து முதலுதவி அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தபோது, எடை மேடை ஓரமாக ஒரு இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் பக்கத்தில் வரவில்லை. காலையில் ஒரே ஏனத்தில் டீ வாங்கிப் பங்கு போட்டுக்கொண்ட கங்கம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"அவங்கள அந்தாண்ட ஒக்கார வெய்யுங்க சிஸ்டர். ஒட்டிக்கப் போவுது" என்றார் சபரிநாதன்.

"கழுவியாச்சு. மீட்டர்ல பாத்தாச்சு" என்றார் ஆரோக்கியமேரி.

"மிஷினுக்கு இன்னா தெரியும்?"

எல்லம்மா யாரையும் பார்க்கவில்லை. "தண்ணி வேணும் சிஸ்டர்" என்று மெதுவாகக் கேட்டார். காலை டீக்குப் பிறகு அவர் தொண்டையில் எதுவும் இறங்கியிருக்கவில்லை. எட்வர்ட் நல்ல மனுஷன். ஓடிப்போய் ஒரு காகித டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்தார். பெஞ்சுக்கு நாலு அடி முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. குனிந்து டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

ஆரோக்கியமேரி தரையில் இருந்த அந்த டம்ளரையே பார்த்தார். இப்போது விழப்போகிறது டோஸ் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எட்வர்ட் கண்ணை இறுக்கிக்கொண்டார். சிஸ்டர் திரும்பி உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. 'ஆ.மே.' என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து எல்லம்மாவின் கையில் கொடுத்தார்.

அது யாருடைய டம்ளர் என்று அந்தத் தொழிற்சாலையில் தெரியாதவர்கள் கிடையாது. எல்லம்மா தயங்கி, தலையை அண்ணாந்து, உதட்டில் படாமல் தூக்கி ஊற்றிக்கொள்ளப் போனார்.

"வாய் வெச்சிக் குடி."

எல்லம்மா வாய் வைத்துக் குடித்தார். பாதி குடித்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். கை கழுவுகிற குழாய் இரண்டடி தள்ளித்தான் இருந்தது. ஆரோக்கியமேரி அந்தப் பக்கம் திரும்பவில்லை. மீதித் தண்ணீரை அதே விளிம்பில் வாய் வைத்து, நின்ற இடத்திலேயே குடித்து முடித்தார்.